மனாங் கொன்சிங்கின் கட்டைவிரல்

எங்கள் ஊரில் என் கை படாத முகம் கிடையாது. சான் விதாலில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், யார் செத்தாலும், யார் தேர்தலில் நின்றாலும் முதலில் வந்து நிற்கும் இடம் சந்தைக்கு எதிரே இருக்கும் எங்கள் பேனர் கடைதான். பதினெட்டு வருடமாக அங்கே கணினியில் படம் கோக்கிற வேலை எனக்கு. பருவை எடுப்பேன், கறுப்பை வெளுப்பேன், தொங்கிய கன்னத்தை ஏற்றிக் கட்டுவேன். செத்துப்போன மீன் ஏலக்காரர் ஒருவரை நான் சீர்செய்து போட்டதைப் பார்த்து, "இவ்வளவு லட்சணமா இருந்திருந்தா நான் சண்டையே போட்டிருக்க மாட்டேனே" என்று அவர் மனைவி அழுதாள். என் பெயர் நிம்ஃபா. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவளுக்கு எதற்கு அடக்கம்?

தொழிலில் எனக்கு ஓர் ஓரவஞ்சனை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். படங்களில் இரண்டு வகை. ஒன்று புள்ளிப் படம், ராஸ்டர் என்பார்கள். போனில் எடுக்கும் போட்டோ எல்லாம் அதுதான். குட்டிக் குட்டிக் கட்டங்களை அடுக்கிச் செய்தது. இழுத்துப் பெரிதாக்கினால் கட்டங்களும் கூடவே பெரிதாகி முகம் செங்கல் சுவராகிவிடும். இன்னொன்று கோட்டுப் படம், வெக்டர். இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, அங்கே போய் முடி என்று கணக்காக எழுதிவைத்த கோடு. அதைத் தபால்தலை அளவிலும் போடலாம், மாதா கோவில் கோபுர அளவிலும் போடலாம், ஓரம் கத்தி மாதிரி நிற்கும். எழுத்துகளும் பள்ளிச் சின்னங்களும் கோடு. முகங்கள் வேறு வழியில்லாமல் புள்ளி. கோடுதான் உசத்தி, புள்ளி என்பது வக்கில்லாதவன் வைத்துக்கொள்வது என்பதே இத்தனை வருடமும் என் கட்சி.

ஒரு புதன்கிழமை காலையில் தேர்வு முடிவு வந்தது. மீன்வளத் தொழிலுக்கான உரிமத் தேர்வில் எங்கள் ஊர் ரோனலின் பலாசா நாட்டிலேயே மூன்றாம் இடம். செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் அவள் அம்மா கடைக்கு வந்துவிட்டாள். காலில் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை மீன் செதில். மனாங் கொன்சிங் துறைமுகத்தின் கருவாட்டுக் களத்தில் மீன் கீறுகிறவள். அறுபது வயது, ஊருக்கே மனாங், அதாவது அக்கா. அந்த வாசனை கடைக்குள் வந்ததும் எங்கள் பாஸ் எல்மர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். நான் அவரை முறைத்தேன். இந்த ஊர் சாப்பிடுகிற சோறே அந்த வாசனையில் வந்ததுதான்.

"இண்டாய், தங்கச்சி, என் மக பாஸ் பண்ணிட்டா" என்றாள்.

"வெறும் பாஸா மனாங்? மூணாவது! ஊரே அதைத்தான் பேசுது."

"பேனர் போடணும். பிளாசா நுழைவு வளைவுல, பெருசா. சனிக்கிழமை மத்தியானம் அவ இலோய்லோவுலேருந்து வர்றா. ஜீப்னி வண்டியை விட்டு இறங்கினதும் அது கண்ணுல படணும்."

"போட்டுருவோம்."

"கீழ யாரு வருவாங்க?"

கேள்வி எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் படித்துப் பாஸ் பண்ணினால் பேனர் கட்டாயம். பேனரின் கீழே 'பெருமையுடன் வாழ்த்துவது' என்றொரு வரியும் கட்டாயம். அதற்குக் கீழே ஓர் அரசியல்வாதியின் முகமும் எழுதாத சட்டம். படித்த பிள்ளை மூலையில் தபால்தலை மாதிரி இருக்கும், வாழ்த்துகிறவரின் பல் வரிசை நடுவில் ஜொலிக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை?

"பதினாறு வருஷம் நான்தான் படிக்கவெச்சேன்" என்றாள் மனாங் கொன்சிங். "அவ அப்பன் மணிலாவுக்கு வேலைக்குன்னு போனவன், அங்கயே ஒரு குடும்பம் வெச்சுக்கிட்டான். அந்த எடத்துல நான் வரணும். வேற ஒருத்தரும் வரக்கூடாது. காசு யாருகிட்டயும் கேக்கல, நானே தர்றேன்."

"சரி மனாங். உங்க பேரைப் போட்டுடறேன்."

"பேரைப் போட்டா, அது என் பேருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். நான்தான் யோசிக்கவில்லை. "அப்ப உங்க போட்டோவைப் போடலாமே" என்றேன்.

"மூஞ்சியா? நான் என்ன மூஞ்சியால படிக்கவெச்சேனா?" வலது கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதைப் போடு. கையெழுத்து எங்க கேட்டாலும் இதைத்தான் வெக்கறேன். இதையே பெருசாப் போடு."

பதினெட்டு வருடத்தில் அப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கை பரபரத்தது. முத்திரைக்கு வைத்திருக்கும் ஊதா மைப் பஞ்சை எடுத்து நீட்டினேன். பழகின கை, அழுத்தி, ஒரு பக்கமாக உருட்டி, ஒரே மூச்சில் வைத்தாள். போனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, நாளை வரச் சொல்லி அனுப்பினேன்.

சிக்கல் மதியம் வந்தது. கப்பித்தான் அர்செனியோ எங்கள் வட்டாரத் தலைவர். ஊர்ச் சதுக்கமான பிளாசாவின் வளைவில் ஒரு கயிறு கட்டுவதென்றாலும் அவர் தலையசைக்க வேண்டும். பாதி பேனர்கள் அவர் சொல்லித்தான் எங்களுக்கு வருகின்றன என்பதால் பாஸ் எல்மர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

"நிம்ஃபா! நம்ம பொண்ணைப் பாத்தியா? இவ பெரிய ஆளா வருவான்னு அப்பவே சொன்னேன்ல!"

"எப்பச் சொன்னீங்க கப்பித்தான்?"

"மனசுல சொன்னேன். இந்தா, பேனர் என் செலவு. இந்தப் படத்தைப் போடு. பேனர் முழுக்க."

போனில் ஒரு படம் காட்டினார். ஏழு வருடத்துக்கு முன்னால் உயர்நிலைப் பள்ளி விழாவில் ரோனலினுக்கு அவர் பதக்கம் போடுகிற படம். யாரோ தூரத்திலிருந்து எடுத்து, யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, ஒவ்வொரு தடவையும் இளைத்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான படம். கடையில் இருக்கும் அவருடைய தேர்தல் படத்தைப் போடலாமே என்று கேட்டேன். அது அருமையான படம், நான் வெளுத்தது.

"அதுல அவ இல்லையே. எனக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். படத்தை இருபதடி அகலத்துக்கு இழுத்து, அச்சாகும் அளவில் திரையில் வைத்தேன்.

"இது என்ன, குளியலறைச் சுவரா?" என்றார்.

"உங்க இடது கண்ணு, கப்பித்தான்."

"நீதான் கெட்டிக்காரியாச்சே. கோடு போடுவியே, அப்படிப் போட்டுச் சரி பண்ணு."

செய்து காட்டினேன். கட்டங்களின் ஓரத்தைத் தேடிப் பிடித்துக் கோடாக மாற்றும் வேலையைக் கணினியே செய்யும். செய்தது. ஓரமெல்லாம் கூராக, பளிச்சென்று ஒரு முகம் வந்தது. எட்டிப் பார்த்த கப்பித்தான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அர்மாண்டோ! இவன் எதுக்கு என் பேனர்ல வர்றான்?"

அர்மாண்டோ போன தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர். உண்மையில் திரையில் இருந்தது அச்சு அசல் அர்மாண்டோவேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பாஸ் எல்மர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது போல் உள்ளே போய்விட்டார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "எழுத்து மட்டும்தான் கப்பித்தான், எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. அடியில பச்சைப் பட்டை போட்டு, 'இடம் தந்து சிறப்பித்தவர்'னு உங்க பேரைப் போடறேன். பிளாசாவோட அந்தக் கோடியிலேருந்து படிக்கலாம்" என்றேன்.

யோசித்தார். அர்மாண்டோவாகத் தொங்குவதைவிடப் பெயராகத் தொங்குவது மேல் என்று பட்டிருக்க வேண்டும். "பெருமையுடன் வாழ்த்துறது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"அவ அம்மா. செலவும் அவங்களே."

"அதானே முறை" என்றார், அந்த முறையைத் தானே கொண்டுவந்தது போல.

வெற்றி தலைக்கேறி, வியாழக்கிழமை காலை விரலில் உட்கார்ந்தேன். அங்கேதான் நான் சறுக்கினேன். எங்கள் தொழிலில் எந்தப் படம் வந்தாலும் முதலில் கை தானாகச் செய்வது சுத்தம் பண்ணுவது. கேட்டுச் செய்வதில்லை, மூச்சு விடுகிற மாதிரி. மை கொழகொழத்த இடங்களைத் துடைத்தேன். அங்கங்கே விட்டுப்போயிருந்த கோடுகளைச் சேர்த்தேன். குறுக்கே போன ஒரு வெள்ளைக் கீறலை அடைத்தேன். பிறகு கணினியிடம் கொடுத்துக் கோட்டுப் படமாக்கினேன். கப்பித்தானுக்கு நடந்தது நினைவுக்கு வராமல் இல்லை. அது படத்தின் குற்றம், வழியின் குற்றமில்லை என்று இருந்தேன். ரேகைகள் அலை அலையாக, ஒன்றையொன்று தொடாமல், வழுவழுவென்று ஐந்தடி உயரத்துக்கு எழுந்து நின்றன. எனக்கே என் கையை முத்தமிட வேண்டும் போலிருந்தது.

மனாங் கொன்சிங் களத்துக்குப் போகும் வழியில் வந்து திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரோடது இது?"

"யாரோடதுன்னா? உங்களோடதுதான்."

"இல்ல."

"மனாங், நேத்து நீங்க வெச்சதுதான் இது."

"நான் வெச்சது இல்ல இது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது, பதினெட்டு வருடத் தொழில்காரிக்குப் படம் சொல்லித் தருகிறாள். "எல்லார் விரலும் வட்டம் வட்டமாத்தான் இருக்கும் மனாங். பெருசாப் பாத்துப் பழக்கமில்ல உங்களுக்கு, அவ்வளவுதான்" என்றேன். சொன்ன தொனி இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டைவிரலை விளக்குக்கு நேரே பிடித்தாள். நடுவில், சாய்வாக, ஒரு தழும்பு.

"ரோனலின் வயித்துல ஏழு மாசம். கானாங்கெளுத்தி கீறும்போது கத்தி வழுக்கிடுச்சு. அன்னையிலேருந்து நான் எங்க வெச்சாலும் இந்தக் கோடு குறுக்க விழும். கூட்டுறவுச் சங்கத்துல விழும். ஓட்டுப் போடற தாள்ல விழும். அவ அஞ்சாம் வகுப்புல கணக்குல தவறிட்டு, என்கிட்டக் காட்டப் பயந்து, ரிப்போர்ட் கார்டுல தானே விரலை வெச்சுக் குடுத்துட்டா. டீச்சரு ஏமாந்துட்டாங்க. அடுத்த தடவை கார்டு என் கைக்கு வந்தப்ப, பாத்த ஒடனே முதுகுல ஒண்ணு வெச்சேன். அவ விரல்ல ஏது தழும்பு?" சிரித்தாள். பிறகு திரையைக் காட்டி, "இதுல எங்க இருக்கு?" என்றாள்.

இல்லை. நான் அடைத்துவிட்டேன். அடைக்கும்போது அது என்னவென்று கூட நான் யோசிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க மனாங்" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

அவள் போன பிறகு போட்டோவை மறுபடி எடுத்து, துடைக்காமல் அப்படியே கணினியிடம் கொடுத்தேன். தழும்பு தெரிகிற மாதிரி வைத்தால் பக்கத்து ரேகைகள் அறுந்தன. ரேகைகளைக் காப்பாற்றினால் தழும்பு மூடிக்கொண்டது. கோட்டுக்குத் தெரிந்தது இரண்டே பதில், மை உண்டு அல்லது மை இல்லை. அந்த விரலிலோ பாதி மை, கால் மை, மை ஏற மறுத்த காய்ப்பு என்று என்னென்னவோ இருந்தது. சரி, கணினி முட்டாள் என்று நானே உட்கார்ந்து ஒவ்வொரு ரேகையாகக் கையால் வரையத் தொடங்கினேன். மூன்று மணி நேரம், முப்பத்தொரு ரேகை. சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால் கொசுவத்திச் சுருள். தழும்போடு கூடிய கொசுவத்திச் சுருள்.

அப்போதுதான் என் கட்சியின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. நான் கோடு போடுவது அவள் விரலை இல்லை, விரல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதை. எழுத்துக்கு அது சரி. 'அ' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. மனாங் கொன்சிங்கின் விரல் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய நான் யார்? அங்கே இருப்பதை இருக்கிறபடி எடுத்துவர வேண்டும் என்றால் புள்ளியிடம்தான் போக வேண்டும். புள்ளி பாவம், அதற்கு அபிப்பிராயம் கிடையாது. என்ன விழுந்ததோ அதைச் சொல்லும்.

உடையுமே என்ற பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கும் யோசித்தால் வழி இருந்தது. புள்ளி ஏழை இல்லை, அள்ளுகிற நாம்தான் கஞ்சர்கள். போனில் அவசரத்துக்கு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு புள்ளியைத் திட்டினால் யார் குற்றம்? சாப்பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் மேசை போலக் கிடந்த பழைய ஸ்கேனரை இழுத்து எடுத்துத் துடைத்தேன். போன்கள் வந்த பிறகு அதை யாரும் தொட்டதில்லை. அதை முழுத் திறனில் வைத்தால் ஓர் அங்குலத்தில் நாலாயிரத்து எண்ணூறு புள்ளி அள்ளும். ஆனால் அவள் வைத்த தாள் சாதாரணத் தாள், மை ஊறிப் பரவியிருந்தது. போட்டோ அச்சிடும் வழுவழுப்பான தாளையும் மைப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு கருவாட்டுக் களத்துக்கே நடந்தேன்.

பரப்பிய மீன்களுக்கு நடுவே, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆறு தடவை வைத்துக் கொடுத்தாள். களத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன மனாங், நிலம் கிலம் எழுதிக் குடுக்கறீங்களா?"

"எங்கிட்ட ஏது நிலம்? என்னையே எழுதிக் குடுக்கறேன்" என்றாள் அவள்.

நாலாவது பதிவு நன்றாக விழுந்திருந்தது. ஸ்கேனர் அதை நத்தை வேகத்தில் வாங்கியது. நான் ஒரு புள்ளியைக்கூடத் துடைக்கவில்லை. துடைக்கிற கையை மறு கையால் பிடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரோனலினின் பெயர், தேர்வின் பெயர், கப்பித்தானின் பச்சைப் பட்டை எல்லாம் கோடு. ரோனலினின் முகம், அவள் ஸ்டூடியோவில் எடுத்துப் பெரிதாக அனுப்பியிருந்த படம். கீழே வலப்பக்கம் விரல், ஐந்தடி, ஊதா. அதை மட்டும் சோதனைக்குத் தனியாக அச்சடித்தேன்.

துணி வெளியே வரவர, பாஸ் எல்மரின் முகம் சுருங்கியது. "என்ன இது, இப்படி அழுக்கா?"

"அழுக்கு இல்ல பாஸ். மை."

"இங்க பாரு, திட்டுத் திட்டா. நம்ம மெஷின்ல மை வர்ற மூக்கு அடைச்சுக்கிச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. காலையில போட்ட கோட்டுப் படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சே, அதைப் போடு. அந்தக் கெழவிக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்குத்தான் தெரியும் பாஸ்."

"அப்ப இந்தப் பேனர்ல கடை பேரு வேணாம். எடுத்துடு."

கடையின் பெயர் இல்லாமல் ஒரு பேனர் எங்களிடமிருந்து போனதில்லை. என் காது சூடாகிவிட்டது. "சரி, எடுத்துடறேன். அந்த எடத்துல என் பேரைப் போட்டுக்கறேன். பதினெட்டு வருஷமா ஊரார் பேரையெல்லாம் போட்டாச்சு" என்றேன். சொல்லிவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டு எதிரே சந்தைச் சுவருக்குப் போய், ஏணி வாங்கி, நாலு ஆணியில் மாட்டினேன். திரும்பி வந்து பாஸ் எல்மரைக் கடை வாசலுக்கு இழுத்தேன்.

"பேனர்ல மூக்கை வெச்சா பாப்பாங்க? இங்கேருந்து பாருங்க."

தெருவுக்கு அந்தப் பக்கம் திட்டு இல்லை, அழுக்கு இல்லை. ஒரு கட்டைவிரல் இருந்தது. உழைத்த, தடித்த, உப்பில் ஊறின கட்டைவிரல். தழும்பு பிளாசாவிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பாதை மாதிரி குறுக்கே ஓடியது. காய்ப்பில் மை ஏறாத இடம் வெள்ளையாகப் பளபளத்தது. ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டு போனவன் நின்றான். மீன் கூடையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். "ஏய், இது மனாங் கொன்சிங்கோடது" என்றாள் ஒருத்தி. "சங்கத்துக் கையெழுத்து நோட்டுல என் வரிக்கு மேல் வரி அவங்களோடது. மாசா மாசம் பாக்கறேனே."

பாஸ் எல்மர் நின்றவர்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "கடை பேரையும் போடு" என்றார். உள்ளே போனவர் திரும்பி வந்து, "உன் பேரும் இருக்கட்டும். சின்னதா" என்றார். சின்னதாகத்தான் போட்டேன். மிகச் சின்னதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மனாங் கொன்சிங் வந்தாள். சந்தைச் சுவரைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். "இது நான்" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுக் களத்துக்கு நடந்தாள். கானாங்கெளுத்திக் கருவாடு, அவளே கீறியது. எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் போல இன்னொன்று இல்லை என்று வெட்கமில்லாமல் சொல்வேன்.

சனிக்கிழமை மதியம் பிளாசாவில் கால் வைக்க இடமில்லை. வளைவில் இருபதடிக்குப் பேனர். ஜீப்னி வந்து நின்றதும் ரோனலின் பையோடு இறங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாள். வாழ்த்தவும் கட்டிக்கொள்ளவும் வந்த கூட்டம் அவளைச் சூழ்ந்தது. கப்பித்தான் சும்மா இருப்பாரா? ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே படித்துக் காட்டுகிறேன் என்று பேனரை மேலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"ரோனலின் பலாசா!" கை தட்டல். "மீன்வளத் தேர்வில் நாட்டிலேயே மூன்றாம் இடம்!" மறுபடி கை தட்டல். கீழ்ப் பட்டையில் இருந்த தன் பெயரை முந்திக்கொண்டு ஒரு தடவை படித்தார், அதற்கும் தட்டினார்கள், பாவம். பிறகு மேலே போய், "பெருமையுடன் வாழ்த்துவது..." என்றார்.

நின்றுவிட்டார். அங்கே எழுத்து இல்லையே. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி மேலே பார்த்தார். ஐந்தடி விரலுக்கு முன்னால் படித்தவர் அத்தனை பேரும் சேர்ந்து முழித்தார்கள். ஒலிபெருக்கி மட்டும் கொர்ரென்று இரைந்தது.

மனாங் கொன்சிங் வேறு நாளில் போடாத ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கப்பித்தான் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். அவள் தலையை நன்றாக நிமிர்த்தி, அந்த ஊதா விரலைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"கொன்சோலாசியோன் பலாசா. இவளோட அம்மா."

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ரோனலின் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் அழுதேன், பாஸ் எல்மர் மறுபடி இருமினார். அறுபது வயதில் மனாங் கொன்சிங் ஊர் நடுவில் நின்று படித்தது அந்த ஒன்றுதான். ஒரு தடுமாற்றம் இல்லை.